வெறுங்கை

சிங்கப்பூரின் தோ பாயோவில் நான் வாடகைக்கு இருந்த எச்டிபி அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எனக்கு, இன்னோர் அறை ஒரு பிலிப்பினோ செவிலியருக்கு. ஹால் மூலையில் மூன்றாவது குடித்தனமாக ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. என் இடுப்பு உயரம் வரும். அதன்மேல் துணி காயப்போடக்கூடாது, பையை வைக்கக்கூடாது, சாயக்கூடாது. நான் குடிபோன அன்றே அந்தச் செவிலியர் சொல்லிவிட்டார்.

அவரை நான் 'ஆத்தே' என்று கூப்பிடுவேன். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். ஃபோனில் நான் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு அம்மா, "அங்க ஏதுடி உனக்கு அத்தை?" என்றார். விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகும் அம்மாவுக்கு அவர் 'அந்த அத்தை'தான்.

ஆத்தே படாங்காஸ் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது விழும். டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, சோப்பு, பற்பசை, சாக்லேட், துவாலை, வைட்டமின் மாத்திரை, காபியில் போடும் பால் பவுடர். தள்ளுபடி விலையில் கிடைத்தால் ஒரே மாதிரி ஆறு வாங்குவார். பெட்டி நிறைய மூன்று மாதம் ஆகும், நான்கும் ஆகும். நிறைந்ததும் டேப் ஒட்டும் படலம். ஒரு முழுச் சுருள் காலியாகும். அப்புறம் ஆறு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயர், ஊர். ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான். கப்பலில் போய்ச் சேர ஒரு மாதம், இரண்டு மாதம்.

பாலிக்பயான் பெட்டி என்று இதற்குப் பெயர். 'பாலிக்' என்றால் திரும்புதல், 'பயான்' என்றால் ஊர், நாடு. ஊர் திரும்புகிறவரின் பெட்டி. ஆனால் ஆத்தே எங்கே திரும்பினார்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம், அவ்வளவுதான். திரும்பிக்கொண்டே இருந்தது பெட்டி.

சொல்லுக்குப் பின்னால் ஒரு அரசியல் கதையும் உண்டு. 1973இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் அரசு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் விடுமுறைக்கு ஊர் வரட்டும் என்று சலுகைகளை அறிவித்தது. 'பாலிக்பயான்' என்ற சொல் பரவியது அதிலிருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராணுவச் சட்டம் கொண்டுவந்திருந்தார். வந்து பாருங்கள், நாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுகிற ஆசை. அடுத்த ஆண்டு, 1974இல், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசே முறைப்படுத்தும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு கையால் வா என்று கூப்பிட்டு மறு கையால் போ என்று அனுப்பினார்கள். 2023இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் மட்டும் 33 பில்லியன் டாலருக்கு மேல். பெட்டிகள் இந்தக் கணக்கில் வராது.

பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் கட்டணம். கப்பல் சரக்கில் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவுக்குத்தான் காசு. அதனால் உள்ளே ஒரு விரற்கடை காற்று இருந்தாலும் நஷ்டம். ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் மிட்டாய். துவாலையைச் சுருட்டினால் நடுவில் ஷாம்பு பாட்டில். ஆத்தே தரையில் உட்கார்ந்து இதைச் செய்யும்போது பேச்சுக் கொடுக்கமாட்டேன். கோலம் போடுகிறவரிடம் யாராவது பேசுவார்களா?

ஷூ வாங்க மட்டும் பெரிய ஏற்பாடு. மகள் காலை வெள்ளைத்தாளில் வைத்து பாட்டி பென்சிலால் கோடு இழுப்பார். அளவுகோலையும் பக்கத்தில் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். ஆத்தே அதைப் பார்த்துவிட்டு ஒரு அளவு பெரியதாக வாங்குவார். பெட்டி போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும் இல்லையா.

2015 ஆகஸ்டில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சாப்பிடவில்லை. கடத்தலைத் தடுக்கப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போவதாக அவர்கள் ஊர்ச் சுங்கத்துறை சொல்லியிருந்தது. "யாரோ ஒருத்தன் என் பெட்டிக்குள்ள கையை விடுவானாம்" என்றார். திருடிவிடுவார்கள் என்ற பயம் ஒருபக்கம். எடுத்துவிட்டுத் திருப்பி அடுக்கத் தெரியாதே என்ற கோபம் அதைவிடப் பெரிது. உலகம் முழுவதும் பிலிப்பினோக்கள் கொதித்தார்கள். ஒருநாள் யாரும் ஊருக்குப் பணம் அனுப்பாதீர்கள் என்றுகூட அழைப்பு வந்தது. கடைசியில் அதிபரே தலையிட்டு, இஷ்டத்துக்குப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார். மறு ஆண்டு வந்த சட்டத்தில், வரியில்லாமல் அனுப்பும் மதிப்பின் உச்சவரம்பு 10,000 பெசோவிலிருந்து 1,50,000 பெசோவாக உயர்ந்தது. ஒரு அட்டைப்பெட்டிக்காக ஓர் அரசாங்கம் பின்வாங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் அல்ஃபிரடோ, இசபெல் அகிலிசான் இருவரின் வேலையைத் தற்செயலாகப் பார்த்தேன். கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். 2006இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். குடும்பமாக நாடு மாறும்போது எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்ற அந்தத் தலைவலியையே அவர்கள் கலையாக்கியிருந்தார்கள். 'முகவரி' என்று பொருள்படும் தலைப்பில் 2008இல் அடிலெய்டில் வைத்த படைப்பு ஒன்று. துணி, பொம்மை, புத்தகம், பாத்திரம் என்று வீட்டுச் சாமான்களைப் பாலிக்பயான் பெட்டி அளவுக்குக் கனசதுரங்களாக இறுக்கி அடுக்கி, அவற்றையே செங்கல்லாக வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நூற்றுக்கு மேல் கட்டிகள். அட்டை கிடையாது. பெட்டியை உரித்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் அப்படியே நிறுத்திவைத்தது போல இருந்தது.

படத்தை ஆத்தேயிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உருகப்போகிறார் என்று நினைத்தேன். "இந்த மூலையில கரடி பொம்மையைச் சரியா மடிக்கலை" என்றார். பிறகு, "இதுல ஷூ எல்லாம் பழசு. இது அவங்க வீட்டுச் சாமான். நாங்க அனுப்புறது புதுசு. நான் போட்ட பழைய சட்டையை என் பொண்ணுக்கு அனுப்புவேனா?"

இதைவிட நல்ல விமர்சனத்தை அந்தப் படைப்பைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை. அகிலிசான் குடும்பம் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. அவர்கள் சுவரில் இருப்பது வாழ்ந்த வாழ்க்கை. ஆத்தே தனியாக வந்தவர். அவர் பெட்டியில் இருப்பதில் விலைச்சீட்டுகூடப் பிரிக்கப்பட்டிருக்காது. இரண்டும் ஒரே அளவு, ஆனால் ஒரே வீடு கிடையாது.

அந்தத் தம்பதி பெயர் வாங்கியது அட்டை வீடுகளால். 2012இல் சிட்னியில், கடலிலேயே வாழும் பஜாவ் மக்களின் குடியிருப்புகளை நினைவில் வைத்து, அட்டையால் ஆன குட்டிக்குட்டி வீடுகளைச் சாரக்கம்பிகளில் ஊர் போலக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டார்கள். பார்வையாளர்களும் உட்கார்ந்து வீடு செய்து ஒட்டலாம். படத்தில் பார்க்கக் கொள்ளை அழகு. எனக்கு அந்த அழகில்தான் கொஞ்சம் நெருடல். மண்ணுமில்லாமல் பத்திரமுமில்லாமல் ஊர் ஊராகத் துரத்தப்படுகிறவர்களின் குடிசையை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பசையும் கத்தரிக்கோலுமாகச் செய்துவிட்டுப் போவது சரிதானா? அந்தக் கூடத்தில் பஜாவ் குழந்தைகள் தாளம் தட்டிப் பாடும் காணொளிகளும் ஓடின. சாலையில் காசுக்காகப் பாடும் பிள்ளைகள். அதைக் கவனித்தவர்களுக்கு வீடு செய்யும் கை கொஞ்சம் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

2019இல் கணவர் வேலைக்காகக் கலிஃபோர்னியா போனோம். ஆத்தே சிங்கப்பூரிலேயே இருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கியர்னி தெருவில் ஒருநாள் நடந்துகொண்டிருந்தபோது 'மணிலாடவுன்' என்ற எழுத்தைப் பார்த்து நின்றேன். சீனர்களின் சைனாடவுன் எல்லோருக்கும் தெரியும், அதன் ஓரத்தில் ஒரு மணிலா இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு கட்டடத்தின் தரைத்தளம்தான் இப்போது மிச்சம்.

1920களிலும் முப்பதுகளிலும் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் கல்யாணமாகாத பையன்கள். ஸ்டாக்டனில் அஸ்பாரகஸ், வாட்சன்வில்லில் கீரை, டெலானோவில் திராட்சை, கோடையில் அலாஸ்காவின் மீன் ஆலைகள் என்று பருவத்தோடு ஊர் மாறி வேலை. வாட்சன்வில்லில் 1930 ஜனவரியில் வெள்ளையர் கும்பல் அவர்களை வேட்டையாடியது, ஒரு இளைஞர் சுடப்பட்டு இறந்தார். வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யக்கூடாது என்று 1933இல் கலிஃபோர்னியா சட்டத்தையே திருத்தியது. ஆண்டுக்கு 50 பிலிப்பினோக்கள்தான் நாட்டுக்குள் வரலாம் என்று 1934இல் வரம்பு வந்தது. கல்யாணமும் இல்லாமல் குடும்பமும் இல்லாமல் அங்கேயே கிழவர்களானார்கள். அவர்களை 'மனோங்' என்பார்கள். இலோக்கானோ மொழியில் அண்ணன். எண்பது வயதிலும் ஊருக்கே அண்ணன்தான்.

1935இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. ஊருக்குப் போக விரும்பும் பிலிப்பினோவுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம். போனால் மறுபடி வர முடியாது, அந்த ஐம்பதுக்குள் இடம் கிடைத்தால் ஒழிய. பஞ்சகாலம், வேலையில்லை, அடி உதை வேறு. கூட்டம் கூட்டமாகப் போயிருப்பார்கள் என்று நினைப்போம். போனது ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்.

ஏன் என்பதற்குச் சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்கு உடனே புரிந்தது. வெட்கம். நிலத்தை விற்று, அடமானம் வைத்து, அமெரிக்கா போகிறான் என்று ஊரே வழியனுப்பிய பிள்ளை எந்த முகத்தோடு வெறுங்கையாக இறங்குவான்? பயணம் போனவர் ஊர் வரும்போது கையில் கொண்டுவருவதற்குப் பிலிப்பினோக்கள் 'பாசலுபோங்' என்பார்கள். கொண்டுவராமல் வாசல்படி ஏறக்கூடாது. எங்கள் ஊரிலும் 'சிங்கப்பூர்க்காரர்' வந்தால் தெருவுக்கே கோடாலித் தைலம் போகும். திருச்சி விமான நிலையத்தில் நீலக் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனோங்குகளிடம் அனுப்பப் பெட்டி இருக்கவில்லை. நல்ல கோட்டு ஒன்று இருந்தது. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி.

கியர்னி தெருவில் அவர்கள் தங்கியது இன்டர்நேஷனல் ஹோட்டல். ஹோட்டல் என்பது பெயருக்குத்தான், ஒண்டுக்குடித்தன அறைகள், பொதுச் சமையலறை. இடத்தை வாங்கிய முதலாளிகளுக்கு அதை இடிக்க வேண்டும். ஒன்பது வருடம் இழுபறி. 1977 ஆகஸ்ட் 4 விடிவதற்குள், நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள், கைகோத்து நின்ற ஏறத்தாழ மூவாயிரம் பேரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கிழவர்களை வெளியேற்றினார்கள். கட்டடத்தை இடித்த பிறகு அந்த இடம் இருபது வருடத்துக்கு மேல் வெறும் பள்ளமாகக் கிடந்தது. 2005இல்தான் முதியவர்களுக்கான வீடுகளோடு புதுக் கட்டடம் வந்தது. நான் பார்த்த தரைத்தளம் அதனுடையது. அன்று கைகோத்து நின்றவர்களில் நிறையப் பேர் மாணவர்கள், ஓவியர்கள். அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்திலேயே 1972 முதல் ஒரு ஆசிய-அமெரிக்கக் கலைப்பட்டறை இயங்கியது. போராட்டச் சுவரொட்டிகள் அங்கே அச்சானவை. வீடு என்றால் என்ன என்று அலசும் கலை அந்த நகரத்தில் வாடகைப் பிரச்சினையிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் தப்பில்லை.

2022இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் பிலிப்பினோ-அமெரிக்க ஓவியர் கார்லோஸ் வில்லாவின் கண்காட்சி. 1936இல் அந்த ஊரிலேயே டெண்டர்லாய்ன் பகுதியில் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, 2013இல் இறந்தவர். மாணவராக இருந்தபோது பிலிப்பினோ கலையின் வரலாற்றைப் பற்றித் தன் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று கிடையாது என்று பதில் வந்தது. ஒரு மனிதனை நாற்பது வருடம் வேலை வாங்க அந்த ஒரு வரி போதுமாயிருந்திருக்கிறது. (அவர் பல்லாண்டு கற்பித்த அந்தக் கலைக்கல்லூரி, இந்தக் கண்காட்சி நடந்த அதே கோடையில் மூடப்பட்டது.)

அவர் 1970களில் செய்த அங்கிகளுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டாத கான்வாஸ், அதில் வண்ணச் சுழல்கள், மேலே பறவை இறகுகள். சில படைப்புகளில் எலும்பு, முடி. தன் முகத்தையும் உடம்பையும் சாயத்தில் தோய்த்து ஒற்றிய தடங்கள் வேறு சிலவற்றில். பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா என்று எங்கெங்கோ இருந்து எடுத்தார், யாரைக் கேட்டு எடுத்தார் என்று இன்றைக்குக் கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். ஆனால் 'உனக்கு ஒன்றும் கிடையாது' என்று சொல்லப்பட்டவன் கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துத் தைத்துக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மனோங்கின் சனிக்கிழமைக் கோட்டுக்கு மகன் தைத்த பதில் அங்கி.

தொண்ணூறுகளில் அவர் திரும்பவும் அப்பா தலைமுறைக்கு வந்தார். மரப்பலகைகள், அந்தக் காலத்து ஆண்கள் வைத்திருந்த தொப்பிகள். அதில் ஒன்றின் தலைப்பு, 'என் அப்பா முதன்முறையாகக் கியர்னி தெருவில் ஏறி நடக்கிறார்'. 1995இல் செய்தது. தலைப்பைப் படித்ததும் எனக்குத் தொப்பியைவிட அந்த ஏற்றம்தான் கண்ணில் வந்தது. நான் மூச்சு வாங்கிய ஏற்றம். அவர் அப்பா கையில் அன்று என்ன இருந்திருக்கும்?

கை என்றதும் கலைஞர் ஸ்டெஃபனி சியூக்கோ ஞாபகம் வருகிறது. 1974இல் மணிலாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 47 ஏக்கரில் 'பிலிப்பைன்ஸ்' என்று ஒன்றை அமைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களைக் கொண்டுவந்து, அவர்கள் சமைப்பதையும் ஆடுவதையும் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். அவர்களுடைய வீடுகளை அவர்களைக்கொண்டே அங்கே கட்டவைத்தார்கள். வேடிக்கை பார்க்க ஒரு வீடு. நூறு வருடத்துக்கு அப்புறம் அந்த ஊர் ஆவணக் காப்பகங்களில் கிடந்த புகைப்படங்களைத் தேடிப் போன சியூக்கோ, முகங்கள்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்து மறுபடி படமெடுத்தார். 2019இல் வந்த அந்தத் தொடரில் நமக்குக் கிடைப்பது முகம் கிடையாது, ஒரு பெண்ணின் இன்றைய கை மட்டும்தான். அதைப் பார்த்தபோது எனக்கு ஆத்தே சாப்பிடாத அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது. யாரோ பெட்டிக்குள் கையை விடுகிறார்கள் என்றால் நாமும் குறுக்கே கையை வைக்கலாம்.

தகாலோக்கில் வீட்டுக்கு இரண்டு சொல். 'பாஹாய்' என்றால் கட்டடம். குடும்பம் வாழும் இடத்துக்கு 'தஹானன்'. அழும் குழந்தையிடம் "தஹான் நா" என்பார்கள், போதும் அழாதே என்று. அதே தஹான்தான் இதிலும். அழுகை ஓயும் இடம் என்று கலைக் கட்டுரைகளில் இதை மிகவும் நெகிழ்ந்து எழுதுவார்கள். நானும் நெகிழ்ந்து ஆத்தேயிடம் சொன்னேன். "எங்க வீட்டுல தலைகீழ். நான் போய்ச் சேர்ந்ததும்தான் அழவே ஆரம்பிப்பாங்க" என்றார்.

அவர் போன வருடம் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். கடைசிப் பெட்டியை முன்னாடியே அனுப்பிவிட்டு, ஒரு கைப்பையோடு விமானம் ஏறினார். போய் இரண்டு வாரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டார். ஹாலைக் காட்டினார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் அவர் பத்து வருடமாக அனுப்பியவை. அவர் அம்மா பாதிக்குமேல் பிரிக்கவே இல்லை. துவாலைகள் பிளாஸ்டிக் உறையோடு. ஷாம்பு பாட்டில்கள் உயரவாரியாக. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. கீழ்த்தட்டில் குட்டி ஷூக்கள் வரிசை, சிலவற்றில் அட்டை அடைத்தபடியே. மகளுக்கு இப்போது ஆத்தேயைவிடப் பெரிய கால்.

"திட்டினீங்களா?" என்றேன்.

திட்டினாராம். அம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாராம். மறுநாள் ஆத்தேவே அலமாரியைத் திறந்து சோப்பு ஒன்றை எடுத்தார். நான் அந்த வீட்டில் இருந்த காலத்தில், ஆறு வாங்கினால் ஒன்று இலவசம் என்று லக்கி பிளாசா கடைத்தொகுதியிலிருந்து தூக்கிவந்த சோப்பு. உறையைப் பிரித்தால் வாசனை சுத்தமாக இல்லை, வெடிப்பு விட்டிருந்தது.

"ஆனா நுரை வருது" என்றார். தினமும் அதில்தான் குளிக்கிறாராம்.